மூன்று விரல் தின்ற மெஷின்

"நாலு மணிக்கு வண்டி வந்துடும். ஆச்சா, இல்லையா?"

சமையலறை வாசலில் நின்றபடி மனைவி கேட்டாள். சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்த ஷெட்டுக்குள் அவள் காலெடுத்து வைத்து மூன்று மாதமாகிறது.

"இதோ ஆச்சு." பத்து விரலிலும் கிரீஸை அப்பிக்கொண்டு, மெஷினுக்கு அடியில் படுத்திருந்த அவர் குரல் கொடுத்தார்.

"இந்த 'இதோ'வை விடிஞ்சதுலேர்ந்து கேக்கறேன். இந்நேரம் அந்த இதோவுக்குக் கல்யாணமாகிக் குழந்தையே பொறந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை.

அறுக்க, இழைக்க, துளை போட, எல்லாவற்றுக்கும் ஒரே மோட்டார் வைத்த பழைய மரவேலை மெஷின் அது. ஆஸ்பத்திரி அலைச்சல் முடிந்த மறுவாரமே அவர் அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றி, வாள் மேல் ஒரு மூடி, இழைப்புளி மேல் ஒரு மூடி என்று செய்து பொருத்தினார். வலது பக்கமிருந்த சுவிட்சையும் கைப்பிடிகளையும் பெயர்த்து இடது பக்கம் கொண்டுவந்தார்.

"இவ்வளவு பாடுபட்டிருக்கேன், வித்துடாதேம்மா."

"மூணு விரலைத் தின்ன சனியன். இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழணுமா? ஆஸ்பத்திரி வராந்தாவுல தேம்பித் தேம்பி அழுதீங்களே, அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"மறக்கலை. அதனாலதான் சொல்றேன். ஒரே ஒரு பலகை இழைச்சுக் காட்டிடறேன். காட்டிட்டா வண்டியைத் திருப்பி அனுப்பிடு."

"காட்டுங்க பாப்போம்." அவள் ஷெட் வாசல்வரை வந்து நின்றுகொண்டாள்.

அவர் எழுந்து பொத்தானை அமுக்கினார். மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது. கண்ணில் நீர் முட்ட, ஒரு பலகையை எடுத்து இழைப்புளி மேல் வைத்துத் தள்ளினார்.

சீவல் வரவில்லை. புகை வந்தது. பலகையின் அடிப்பக்கம் தீய்ந்துபோயிருந்தது.

கத்தியைக் கழற்றித் தீட்டினார். மறுபடி மாட்டினார். மறுபடியும் புகைதான். உயரத்தைக் கூட்டினார், குறைத்தார், பெல்ட்டை இறுக்கினார். மூன்றாவது பலகையும் கருகியது.

தெருவில் ஹாரன் அடித்தது.

பழைய இரும்பு வாங்குகிறவர் கடப்பாரையோடு உள்ளே வந்தார். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி, மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம்ணே. உடைச்சுத்தான் ஏத்தணும்."

"உடைக்கிறதா?" அவர் குறுக்கே விழுந்து, இரண்டு கைகளாலும் மெஷினை அணைத்துக்கொண்டார். "அரை மணி குடுப்பா. கால் மணியாவது குடு."

"விடுங்கண்ணே. குழந்தையாட்டம் பண்றீங்களே."

"உனக்குத் தெரியாதுப்பா. இது போயிடுச்சுன்னா இந்த வீட்டுல ஒருத்தர் இருந்தும் இல்லாத மாதிரி. சோறு இறங்கலை, தூக்கம் இல்லை, பேச்சுன்னா எரிஞ்சு விழற பேச்சுத்தான். இதைக் கொண்டுபோனா அதுவும் நின்னுபோயிடும்."

வந்தவருடைய முகம் இளகியது. "புரியுதுண்ணே. வேலையை விட்டப்ப எங்கப்பாவும் இப்படித்தான் கெடந்தாரு." கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலைப் பார்த்தார். "அக்கா, பாவமா இருக்கு. இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமே?"

அவள் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் நான்காவது பலகையை எடுத்தார். இந்த முறை ஆத்திரத்தில் மூடியைத் தூக்கிவிட்டு, உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கத்தி பலகையைக் கவ்வி, கையோடு சேர்த்து முன்னால் இழுத்தது.

"கையை எடுங்க!"

மூன்று மாதமாகத் தாண்டாத வாசலை ஒரே எட்டில் தாண்டிப் பாய்ந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கியெறிந்தாள் அவள். மெஷின் முனகிக்கொண்டே நின்றது. அவர் கையில் கீறல்கூட இல்லை.

"கூறு இருக்கா உங்களுக்கு? பலகையை உள்ள இழுக்குதுன்னா என்ன அர்த்தம்? மோட்டார் தப்புப் பக்கமா சுத்துது! சுவிட்சை இடம் மாத்தினப்ப ஒயரை மாத்திக் குடுத்திருக்கீங்க. முதல் பலகையிலேயே சத்தம் சொல்லிச்சு எனக்கு."

"முதல்லயேவா? அப்ப ஏம்மா சொல்லலை?"

"இது போய்த் தொலையட்டும்னுதான்." மோட்டார் பெட்டியின் முன் சட்டென்று உட்கார்ந்தாள். "ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க."

கொடுத்தார். நாலு திருகில் மூடி கழன்று விழுந்தது. அவள் ஒயர்களை இனம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தலைக்கு மேல் இடது பக்கமாக வந்திருந்த சுவிட்சையும் கைப்பிடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

இரும்புக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அக்கா, எழுந்திரிங்க. கரண்டு விஷயம், பொம்பளைங்க கை வைக்கிற சமாச்சாரமா இது? அண்ணனே பாத்துப்பாரு. கார்பென்டருக்குத் தெரியாததா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"நான் தையல்காரன்ப்பா, கார்பென்டரும் அவதான், போன விரலும் அவளோடதுதான்."