இரண்டாம் சுற்று

மேலப்பாளையம் வீட்டு அடுப்படியில் சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிறது. நாளை பல்கலைக்கழகத்தில் தன் வடிவியல் இயற்கணித ஆய்வை விளக்க வேண்டுமே என்று அஸ்ஃபியாவுக்கு மத்தியானச் சோறும் இறங்கவில்லை. “அப்படி என்னதான் கணக்கு அது?” என்கிறான், துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் கணவன் அஃப்சல். அவன் உள்ளங்கையில் அவள் கழுவிய தட்டொன்றை வைக்கிறாள். “கவுத்திராம அக்குளுக்கடியில ஒரு முழுச் சுத்து சுத்துங்க, மச்சான்.” தட்டு சுற்றி வந்துவிட்டது, அவன் கைதான் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. “வலிக்கி, புள்ள!” “இப்பம் அதே பக்கமா, தலைக்கு மேல இன்னொரு சுத்து.” தட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்டக் கை தானாக நேராகிறது. “எலக்ட்ரானும் இப்படித்தான். ரெண்டு சுத்து சுத்துனாத்தான் பழையபடி ஆவும். அதை எழுதத்தான் என் கணக்கு.” நனைந்த தோளைக்கூடத் துடைக்காமல் அஃப்சல் அவளையே பார்க்கிறான். “இதையே நாளைக்கும் சொல்லு. எனக்கே புரிஞ்சிட்டுல்லா!” அஸ்ஃபியாவுக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே, நல்ல பசியும் வருகிறது.