பன்னிரண்டு வாளி

ஜீப் ஒருமுறை இருமியது. சமதரையிலேயே மூச்சு வாங்கியது. பிறகு நின்றேவிட்டது.

நின்ற இடம், மூன்றாம் டிவிஷன் தொழிலாளர் லயத்துக்கு நேர் முன்னால்.

முன் இருக்கையில் தோட்ட ஆபீசின் பெரிய கிராணி கார்த்திகேசுவுக்கு வியர்த்தது. மானேஜர் லீவில் போயிருந்ததால் இந்த வாரம் முழுக்க அவர்தான் தோட்டம். மானேஜருடைய தொப்பியைக்கூட எடுத்து மாட்டியிருந்தார். அது காதுவரை இறங்கி உட்கார்ந்திருந்தது.

பின்னால், தோட்டத்தைப் பார்வையிட வந்த கோலாலம்பூர் தலைமை அலுவலகத்து டத்தோ.

திட்டம் எளிமையானது. லயத்தை வேகமாகக் கடக்க வேண்டும். கடக்கிற நேரத்தில் கிராணி வலப்பக்கம் கையை நீட்டிப் புதுச் செம்பனைக் கன்றுகளைக் காட்டுவார். டத்தோ இடப்பக்கம் திரும்பமாட்டார். நேற்று இரண்டு தடவை ஒத்திகை நடந்தது, டத்தோவின் இடத்தில் ஓர் உரமூட்டையை உட்கார வைத்து.

இடப்பக்கம் அறுபது வீடு. ஒரு குழாய் கிடையாது. மூன்று வருஷமாகப் போட்ட மனுக்களில் ஒன்றும் கிராணியின் மேசையைத் தாண்டவில்லை. குடிக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் பாரிட்தான். தோட்டத்தை ஒட்டி ஓடும் அந்தக் கால்வாயில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும்.

"வண்டி நின்னா ஒன் வேலையும் நின்னுச்சுன்னு சொன்னேனா இல்லியா, இருசப்பா?" கிராணி பல்லைக் கடித்தார். அதே பல்லை டத்தோ பக்கம் திருப்பிச் சிரித்தார்.

டிரைவர் இருசப்பன் பானெட்டைத் தூக்கினான்.

"பேட்டரியா இருக்கும்" என்றார் கிராணி.

"ஓடிக்கிட்டிருந்த டீசல் எஞ்சின் பேட்டரியால நிக்காதுங்கய்யா."

"அப்ப ஸ்பார்க் பிளக்கு."

"இதுல அது கிடையாதுங்கய்யா."

கிராணி டத்தோவிடம் போய், ஸ்பார்க் பிளக்கில் சின்னக் கோளாறு என்று இங்கிலீஷில் அறிவித்தார்.

இருசப்பன் யோசித்தான். கரும்புகை வரவில்லை, ஆகவே காற்று போகிறது. பில்டர் நேற்று மாற்றியது. கைப்பம்பை அமுக்கிப் பார்த்தான். டீசல் ஏறவில்லை, டாங்கிப் பக்கமிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. டாங்கியோ விளிம்புவரை நிறைந்திருந்தது. டத்தோ எட்டிப் பார்த்தால் முள் உச்சியில் நிற்க வேண்டும் என்பது கிராணியின் உத்தரவு.

மூடியில் இருக்கிற காற்று ஓட்டையா?

போன மாதம் அதில் சேறு அடைத்து, ஆபீசிலிருந்து முழு டாங்கியோடு கிளம்பிய வண்டி இதே இடத்தில்தான் செத்தது. அன்றைக்கு மனைவி அமராவதிக்குப் பால் டின்னை வைத்து விளக்கியிருந்தான். ஓர் ஓட்டை போட்டால் பால் இறங்காது, காற்றுக்கு இன்னொன்று வேண்டும். டாங்கியும் அப்படித்தான்.

அதனால்தான் நேற்று சாயங்காலமே அந்த ஓட்டையை ஊதிப் பார்த்துவிட்டான். சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கிராணியின் கடைசி உத்தரவு வந்தது: வண்டியைச் சவுக்காரம் போட்டுக் கழுவு. பாரிட்டிலிருந்து பன்னிரண்டு வாளி சுமந்து வந்து கழுவியது அமராவதி. பெற்ற பிள்ளைக்கு அவள் அரை வாளிக்கு மேல் கொடுத்ததில்லை.

இருந்தாலும் மூடியைத் திருகினான். புஸ்ஸென்று டாங்கி காற்றை உறிஞ்சியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தான். தலையைத் தூக்கி லயத்தைப் பார்த்தான். பிறகு பழையபடி இறுக்கி மூடினான்.

"பெரிய கோளாறுங்கய்யா. அரை மணி ஆவும்."

"ஒன் கணக்கை இன்னிக்கே முடிக்கிறேன்" என்றார் கிராணி.

வெயில் ஏறியது. டத்தோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, குடிக்க ஏதாவது கிடைக்குமா என்றார்.

அமராவதி கண்ணாடிக் கிளாசோடு வாசலில் தயாராக நின்றாள். வேலைநாள்; ஆனாலும் தீபாவளிச் சேலை.

டத்தோ கிளாசைப் பார்த்தார். "தேத்தண்ணி வேண்டாம்மா" என்றார் மலாயில். "வெறும் தண்ணி போதும்."

"வெறும் தண்ணிதாங்க டத்தோ."

டத்தோ கிளாசை வெயிலுக்கு நேரே பிடித்தார். அடியில் ஏதோ நெளிந்தது.

"இரும்புச் சத்து, டத்தோ" என்றார் கிராணி. "உடம்புக்கு நல்லது."

"அப்படியா? நீங்கள் முதலில் குடியுங்கள்."

கிராணி குடித்தார். அறுபது வீட்டு வாசலும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அண்ணாந்ததில் மானேஜருடைய தொப்பி பின்னால் சரிந்து சாலையோரப் பாரிட்டில் விழுந்து மிதந்து போனது. எடுத்துத் தர ஒருவரும் அசையவில்லை.

டத்தோ கீழே இறங்கினார். பாரிட் ஓரம் நடந்தார். பெண்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். திரும்பி வந்து, கிராணி அழகாக டைப் அடித்து வைத்திருந்த நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் எழுதினார்: மூன்றாம் டிவிஷனுக்கு ஒரு மாதத்துக்குள் குழாய். கையெழுத்தும் போட்டார்.

இருசப்பன் மூடியைத் திறந்து விரலால் எதையோ தோண்டி எடுத்தான். பம்பை நாலு அமுக்கு அமுக்கினான். சாவியைத் திருப்பியதும் ஜீப் உறுமியது.

"நல்ல டிரைவர்" என்றார் டத்தோ. "இவரை விட்டுவிடாதீர்கள்."

கிராணி வாயைத் துடைத்துக்கொண்டார். "என்னதாம்ப்பா கோளாறு?"

"டீசல்ல தண்ணிங்கய்யா."

கிளாசை வாங்க வந்த அமராவதி ஜன்னலோரம் நின்றாள். "டீசலுக்காச்சும் கெடைச்சுதே லா!"

லயம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் இருசப்பன் அவள் முன்னால் உள்ளங்கையை விரித்தான். மஞ்சள் சவுக்காரத் துணுக்கு. அதை அழுத்தி அடைத்த கட்டைவிரல் நகம் அதில் பிறையாகப் பதிந்திருந்தது.

அமராவதி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வீசிடாதீங்க. கொழா வரப்போவுதுல்ல, இனிமேதான் வேணும்."