முப்பத்தேழு நல்ல வீடுகள்

கேற்றின் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தாள் சோபனா. தாராளமாகப் போனது; நாயும் நுழைந்து தெருவுக்குப் போய்விடும். இந்த வீடும் சரிவராது.

அன்புவழிபுரத்து வீட்டுக்காரர் நாயை ஆசையோடு தடவிக்கொண்டிருந்தார். அவளுடைய படிவத்தில் ஆசைக்கு இடமில்லை. பதினான்கு கேள்விகள், அவளே யோசித்து எழுதியவை. ஒரு பதில் பிழைத்தாலும் நாய் கிடையாது.

நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் ஓட்டோவில் ஏறினாள்.

மீன் சந்தையடியில் லொறி அடித்து ஒரு காலை இழந்த நாய். பொழுதுபடுவதற்குள் வீடு கிடைக்காவிட்டால் அதே சந்தையடிதான். அவள் வீட்டில் ஏற்கனவே நான்கு. ஐந்தாவது வந்தால், தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகக் கணவன் இராகுலன் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன்.

துறைமுக வீதியில் அவளுக்கு ‘நாய் மிஸ்’ என்று பெயர். கேலிதான். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் முப்பத்தேழு தெருநாய்களுக்கு நல்ல வீடு பார்த்துக் கொடுத்தவள் திருகோணமலையில் வேறு யார்? மாதம் தவறாமல் எல்லா வீட்டுக்கும் போனில் கோல் எடுத்து விசாரிப்பாள். எல்லாரும் நல்ல சுகம் என்றே சொல்வார்கள்.

ஓட்டோக்கார றுவைஸ்தான் ஒரே குறை. ஆறு வருடமாக அவளுடைய நாய்களை ஏற்றி இறக்குகிறவன், ஒன்றையும் தொட்டதில்லை. அவள் இறங்கியதும் சீற்றை மண் கரைத்த தண்ணீரால் ஒருதரமும் நல்ல தண்ணீரால் ஆறுதரமும் கழுவுவான். தொழுகிற முஸ்லிம், நாய் பட்ட இடத்தை அப்படிக் கழுவுவது அவன் முறை. ஆனாலும் பாசமில்லாத மனுசன் என்று அவள் எப்போதோ முடிவுகட்டிவிட்டாள்.

அந்த றுவைஸ், கிண்ணியாவில் தன் வாப்பாவின் மாட்டுப்பட்டிக் காவலுக்கு இந்த நாயைத் தரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

மூன்று காலில் காவலா? சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை எடுத்தாள். வீட்டுக்குள் படுக்க விடுவானா? மாட்டான். தடவிக் கொடுப்பானா? ஏலாது. இரண்டாம் கேள்வியிலேயே ஆள் அவுட்.

ஆனால் இடத்தைப் பார்க்காமல் மறுப்பது அவள் கொள்கைக்கு விரோதம். தானே கொண்டுபோய் விடுவதாகவும் அவள் வரத் தேவையில்லை என்றும் றுவைஸ் மழுப்பினான். எதையோ ஒளிக்கிறான். நாய் மிஸ்ஸா விடுவாள்?

கிண்ணியாப் பாலம் தாண்டி, வயலோரம் ஓட்டோ நின்றது. இருவரும் இறங்கினார்கள்.

பட்டிக்குள்ளிருந்து நாய்கள் ஓடி வந்தன. பதினொரு நாய்கள்.

முன்னால் வந்தது செவியறுந்த ராணி. உவர்மலைச் சோமசேகரம் ஐயாவிடம் கொடுத்தது. ராணி நன்றாகச் சாப்பிடுகிறது என்று போன கிழமைதான் ஐயா சொன்னார். பின்னால் வந்தது கமலேஸ்வரி ரீச்சர் வீட்டுக் கறுப்பன். பதினொன்றையும் அவளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். எல்லாம் அவள் வீடு பார்த்துக் கொடுத்தவை.

றுவைஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவங்களுக்கு வச்சிருக்க ஏலாமப் போச்சு மிஸ். உங்களிட்டச் சொல்லப் பயம். அதான் எனக்குக் கோல் எடுத்தாங்க.”

சோபனாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. ராணியைக் கூப்பிட வாய் திறந்தாள். நாய்கள் அவளைத் தாண்டி அவனிடம் ஓடின.

மேலே பாயவில்லை. அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, வாலை ஆட்டியபடி, அவன் உடுத்திருந்த சாரத்தில் படாமல் வரிசையாக உட்கார்ந்தன.

அவள் கையிலிருந்த நாய் திமிறியது. இறக்கிவிட்டாள். அது நொண்டிக்கொண்டு நேரே அவன் காலடிக்குப் போனது.

ராணி எழும்பி வந்து, அதை மூக்கால் மெல்ல ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி, தன் பக்கத்தில் இருத்தியது.