வீட்டுக்கு வந்த அரிசி

இரும்புச்சத்து கூடுவதற்காக மரபணு மாற்றிய அந்த நெல்லை உருவாக்கியதில் தணிகைவேலுக்கும் பங்கு உண்டு. கர்ப்பிணிகள்கூடத் தைரியமாகச் சாப்பிடலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மைக் பிடித்துச் சொன்னவன் அவன்தான். மனைவி தேன்மொழி கருவுற்றதும், "சத்து மாத்திரை குமட்டுதுங்க. உங்க அரிசியையே கொண்டுவாங்க, போதும்" என்றாள். கொண்டுவந்தான். ஆனால் காரணம் சொல்லத் தெரியாத ஒரு பயத்தில், அதைக் காரிலேயே வைத்துவிட்டு, இன்னொரு ஆய்வகப் பையில் கடைப் பொன்னியை நிரப்பிக் கொடுத்தான். மாதாமாதம் அப்படித்தான். அவளோ ஒரு பருக்கை வீணாக்காமல் சாப்பிட்டாள். "அப்பன் கைவண்ணத்துல பிள்ளை இரும்பாட்டம் வரும் பாருங்க" என்று வயிற்றைத் தடவிச் சிரிப்பாள்.

இன்று டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ரத்தம் ஏறவே இல்லையேம்மா. இப்படியே போனா பிரசவம் சிரமம்."

திரும்பும் வழியில் தேன்மொழி அவன் கையைப் பற்றிக்கொண்டாள். "மனசு ஒடஞ்சு போகாதீங்க. உங்க அரிசி மேல குத்தமில்ல, என் உடம்புக்குத்தான் ஒட்டல. வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வாசலில் இறங்கியவள், "வீட்டுல அரிசி தீந்துபோச்சு, எடுத்துட்டு வாங்க" என்று உள்ளே போனாள். கார் டிக்கியில் ஒரே மாதிரி இரண்டு பைகள் இருந்தன. எது எந்த அரிசி என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னங்க, உலை கொதிக்குது" என்று அவள் குரல் கேட்டது. அவனுடைய ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பையின் மேல் இருந்தது.