மாறிப்போன வீட்டுக்காரர்

செவ்வாயா, புதனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அக்கா மதியச் சாப்பாட்டைப் பிரித்தபோதுதான் தங்கை போன் செய்தாள். அதில் மட்டும் சந்தேகமில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத மனுஷன், ஒரு வாரமா லீவு போட்டுட்டு சமையலறையில அலமாரி அடிக்கிறார். டப்பாவுக்கெல்லாம் உப்பு, சர்க்கரைன்னு பேர் எழுதி ஒட்டியிருக்கார். எனக்கென்ன கண்ணு தெரியாமலா போச்சு?"

"சும்மா இருந்தாலும் குத்தம், செஞ்சாலும் குத்தமாடி?"

"பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாதவர், போன சனி ஞாயிறு கடலுக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க பாப்பாவுக்கு அவரே தலை பின்னிவிட்டார். பாக்கணுமே, எலிவால் மாதிரி."

தங்கை சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அவருக்கு ஏதாவது பெரிய வியாதியா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

"உளறாதே. குத்துக்கல்லாட்டம் இருக்கார்."

"என்மேல சத்தியம் பண்ணு."

"உன்மேல சத்தியமா, அவருக்கு ஒண்ணும் இல்லை."

"வயித்துல பாலை வார்த்தேக்கா," என்று தங்கை போனை வைத்தாள்.

அக்கா சொன்னது பொய்யில்லை. தங்கையின் வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேன் அறிக்கையை, இன்னும் மூன்று மாதம்தான் உயிரோடு இருப்பாள் என்று சொல்லி, பத்து நாள் முன்பு அவரிடம் கொடுத்தவளே அவள்தான்.

தங்கை எட்டு வாரம் இருந்தாள். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாப்பா வளர்ந்து வேலைக்குப் போகிறாள். அக்கா அந்த வருடமே நர்ஸ் வேலையை விட்டுவிட்டாள்.