கள்ளிமலைச் செருப்பு

"செருப்பைக் கழட்டுங்க சார்!"

ஞானமுத்து போட்ட சத்தத்தில் மலையடிவாரத்தில் நின்ற கூட்டமே திரும்பிப் பார்த்தது.

பேரையூர் தாண்டி இருக்கும் கள்ளிமலை அது. உச்சியில் ஒரு கல் சிலுவை. அடியிலிருந்து உச்சி வரைக்கும் சப்பாத்திக்கள்ளி. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆரப்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து வெறுங்காலோடு ஏறுவார்கள். முள் குத்துமே என்றால், ஆண்டவர் தலையில் குத்தியதைவிடவா என்பார்கள்.

அந்த இடத்தில் தனிஸ்லாஸ் கறுப்பு ரப்பர் செருப்போடு வந்து நின்றார்.

அதுவும் அவர் மகள் மரியம்மாளை ஞானமுத்துவின் மகனுக்குப் பேசிக்கொண்டிருக்கிற நேரம். ரெண்டு குடும்பமும் சேர்ந்து மலையேறுவது, இறங்கி வந்து முடிவைச் சொல்வது என்று ஏற்பாடு. அதுவரை 'சம்பந்தி' என்ற வார்த்தையை ஞானமுத்து வாயிலிருந்து உதிர்க்கவில்லை. பழைய இரும்பு வாங்கி விற்று முன்னுக்கு வந்த மனுஷன். சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் பேரம் முடிக்க மாட்டார்.

"பாத்தியாடா, பின்னாடி வார் வச்ச செருப்பு! பள்ளிக்கூடத்துப் புள்ள கணக்கா," என்று அக்கா சவேரியம்மாள் அவர் காதைக் கடித்தாள். "ஆண்டவர் மலையிலயே இந்த லட்சணம். வீட்டுல ஒரு செபம் இருக்குமா, செபமாலை இருக்குமா? எனக்கு அப்பவே பிடிக்கல."

தனிஸ்லாஸின் மனைவி அற்புதமேரி பதறிப்போய் முன்னால் வந்தாள். "அண்ணே, அவருக்குச் சுகரு. கால்ல புண்ணு வந்தா ஆறாது."

"எனக்கும்தான் தங்கச்சி சுகரு! எனக்கென்ன இரும்புலயா கால் செஞ்சு வச்சிருக்கு?"

"இல்லண்ணே..."

"இம்புட்டுப் பேர் முன்னாடி என் மானத்த வாங்காதீங்க. கழட்டுனா ஏறுங்க. இல்லைன்னா இப்படியே பஸ்ஸைப் பிடிங்க. பேச்சு இதோட முடிஞ்சது!"

மரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தனிஸ்லாஸ் மகளை ஒரு பார்வை பார்த்தார். குனிந்தார். வாரை அவிழ்த்து, செருப்பை மனைவி கையில் கொடுத்தார்.

"வாங்க சார், ஏறலாம்."

மழை பொய்த்த வருஷம். புல் பூண்டெல்லாம் கருகிப்போய், காய்ந்த கள்ளி மட்டைதான் பாதை பூராவும் உதிர்ந்து கிடந்தது. பாட்டுச் சத்தத்தைவிட 'ஆ, ஊ' சத்தமே பெரிதாகக் கேட்டது. ஞானமுத்துவே பாறைக்குப் பாறை உட்கார்ந்து முள் பிடுங்கினார்.

தனிஸ்லாஸ் மட்டும் உட்காரவே இல்லை. தார் ரோட்டில் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அற்புதமேரிதான், புருஷன் கால் வைக்கிற இடத்தையே பார்த்து அழுதுகொண்டு பின்னால் போனாள்.

"பக்தின்னா இதுதான்க்கா. அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்," என்றார் ஞானமுத்து.

"அட போடா, உன்கிட்ட வாங்கிக் கட்டுன ரோஷத்துல நடக்கிறான்."

அக்காவைப் பின்னால் விட்டுவிட்டு, மூச்சு வாங்க உச்சிக்கு ஏறினார் ஞானமுத்து. சிலுவைக்கு அடியில் தனிஸ்லாஸ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பாறையில் வரிசையாகச் சிவப்புத் தடம்.

"பாருங்க சார், எம்புட்டு ரத்தம்! யாருக்கோ பலமாப் பட்டிருக்கு," என்று சுற்றுமுற்றும் தேடினார் தனிஸ்லாஸ். "யாரு ரத்தம் இது?"

ஞானமுத்து பார்த்தார். தடம் வந்து முடிந்த இடம் தனிஸ்லாஸின் பாதம். உள்ளங்காலில் ஒரு கள்ளி மட்டை அப்படியே ஏறி நின்றது. அதைச் சுற்றிச் சதை கிழிந்து தொங்கியது.

"சார்... உங்களுக்கு வலிக்கலையா?"

அப்போதுதான் தனிஸ்லாஸ் தன் காலைப் பார்த்தார். மெல்ல இழுத்து வேட்டியால் மூடிக்கொண்டார்.

"வலி தெரியாதுண்ணே," என்றாள் அற்புதமேரி தணிந்த குரலில். "குஷ்டம் வந்து சுகமான காலு. யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. உணர்ச்சி மட்டும் திரும்பல. அந்தச் செருப்பு ஆஸ்பத்திரியில குடுத்தது. இன்னொரு புண்ணு வந்தா காலையே எடுக்கணும்னாங்க. இன்னைக்கு உச்சியில வச்சு உங்ககிட்ட மட்டும் சொல்லிரணும்னுதான் வந்தோம்."

"அப்புறம் எதுக்குய்யா கழட்டுனீங்க?"

"பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னீங்களே சார்," என்றார் தனிஸ்லாஸ்.



"ஏய், என்னடா பாறையெல்லாம் ரத்தம்?" கீழேயிருந்து சவேரியம்மாளின் குரல் ஏறி வந்தது. பின்னாலேயே கூட்டம். "யாரு ரத்தம்டா இது?"

அக்கா காதில் விழுந்தால் ஆரப்பாளையம் பூரா விழுந்த மாதிரி. அப்புறம் எந்தக் கோயில் ஜனத்திலும் மரியம்மாளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. அற்புதமேரி கும்பிட்ட கையை எடுக்காமல் நின்றாள்.

ஞானமுத்து தோளில் கிடந்த துண்டை அவள் பக்கம் எறிந்தார். "மட்டையப் பிடுங்கிட்டு சீக்கிரம் கட்டும்மா."

பிறகு, பாறையோரம் புதராய் நின்ற கள்ளியில் தன் வலது காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார்.

"என் ரத்தம்தான்க்கா!" மலையே அதிர்கிற மாதிரி கத்தினார். "சம்பந்தி, அந்தச் செருப்பை எடுத்து மாட்டுங்க. என்னையத் தாங்கிப் பிடிச்சு இறக்கிவிடுறவருக்குக் காலு நல்லா இருக்க வேணாமா?"