பெனிட்டா பாடிய ஃபைல்

பழைய ரெக்கார்டரில் பதிந்த பாட்டுகள் எஸ்தரின் போனில் திறக்கவில்லை. அதனால் அவள் கணவர் ஜெபமணி, கணினியில் இருந்த அந்த ஃபைல்களையெல்லாம் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைக் கொண்டு எம்பி3 ஆக மாற்றினார். மொத்தம் நாற்பத்தொரு பாட்டுகள். நாற்பது, சபைப் பாடகர் குழு பாடியவை. ஒன்று மட்டும் அவர்கள் மகள் பெனிட்டா தனியாகப் பாடியது. அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை.

வேலை முடிந்ததும் முதல் பாட்டைப் போட்டுப் பார்த்தார். திரையில் நேரம் ஓடியது, சத்தம் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாடியது. நான்காவது ஊமை. பதறிப்போய்ப் பழைய ஃபைல்களைத் தேடினார். மாற்றி முடித்ததும் பழையதை அழிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. ரெக்கார்டரும் எப்போதோ பழுதாகி, தூக்கிப்போட்டாகிவிட்டது. பெனிட்டாவின் பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள்.

"முடிஞ்சிட்டா? பிள்ள பாடினதப் போடுங்க."

"நாளைக்குக் கேப்போமே."

"ஏன், வரலியா?"

"வரும்" என்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். அவர் அழுத்தினார். ஒரு நொடி, இரண்டு, மூன்று. பாட ஆரம்பிக்குமுன் பெனிட்டா சற்று நேரம் மௌனமாக நிற்பாள். எவ்வளவு நேரம் என்பது அவருக்கு நினைவில்லை. ஏழு, எட்டு.